ஈ ஓட்டுகிறவன்

அதை அடிக்க வேண்டாம், மேடம். வெறும் வீட்டு ஈதான். உங்கள் டீ டம்ளரின் விளிம்பில் உட்கார்ந்து கையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறதே, அதைப் பார்த்து எல்லோரும் முகம் சுளிப்பார்கள். உண்மையில் அது தன்னைச் சுத்தம் செய்துகொள்கிறது. அதற்கு ருசி தெரிவதே காலில்தான்; கால் அழுக்கானால் பிழைப்பு போய்விடும். டீயை மட்டும் மாற்றிக் கொண்டுவரச் சொல்லுங்கள், போதும்.

ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன். நடுவில் நீங்கள் குறுக்கே கேள்வி கேட்டாலும் பரவாயில்லை, எனக்குக் கோபம் வராது. நான் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. வேண்டுமானால் என் அக்காவைக் கேட்டுப் பாருங்கள். இப்போது கேட்கிற நிலையில் அவள் இல்லை என்று எனக்கும் தெரியும், ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

என் வேலை ஈக்களை அடையாளம் காண்பது. சிரிப்பு வந்தால் சிரித்துவிடுங்கள், எனக்குப் பழக்கம். கால்நடை நோய் ஆய்வுக்கூடத்தின் பின்பக்கத்தில், ஜெனரேட்டர் அறைக்கும் சைக்கிள் நிறுத்தும் இடத்துக்கும் நடுவில் எங்கள் பிரிவு இருக்கிறது. புண்ணில் முட்டையிடும் ஈக்களில் எங்களுக்கு முக்கியமானவை இரண்டு இனங்கள். ஒன்று செத்த சதையை மட்டும் தின்னும். புண்ணைச் சுத்தம் செய்துவிட்டுத் தன் வழியில் போய்விடும். இன்னொன்றுக்குச் செத்த சதை ஆகாது. ரத்தம் ஓடுகிற சதை வேண்டும். அதன் புழு தலைகீழாகத் துளைத்துக்கொண்டு உள்ளே இறங்கும். ஒரு முழு மாட்டைச் சாய்த்துவிடும். நாங்கள் அதை உயிர்த்தின்னி என்போம்.

சங்கடம் என்னவென்றால், சின்னதாக இருக்கும்போது இரண்டின் புழுவும் பார்க்க ஒன்றுதான். அதே வெள்ளை, அதே நெளிவு. முன்பெல்லாம் புழுவை வளரவிட்டு, அது கூடு கட்டி, ஈயாக வெளியே வந்த பிறகுதான் இன்ன இனம் என்று அடித்துச் சொல்வார்கள். அதற்குள் பக்கத்துக் கொட்டகை மாடுகளும் போயிருக்கும். அந்தக் காத்திருப்பை ஒழித்தவன் நான். இரண்டு இனங்களுக்கும் ஒரு மரபணுவில் சில எழுத்துகள் மாறும். அந்தத் துண்டை மட்டும் மெஷினில் பெருக்கி, அதற்கென்று உள்ள நொதியை விட்டு வெட்டினால், உயிர்த்தின்னியின் துண்டு இரண்டாக அறுபடும்; மற்றதன் துண்டு முழுதாக நிற்கும். விளக்கில் பார்த்தால் ஒன்றுக்கு இரண்டு கோடு, மற்றதற்கு ஒரு கோடு. குழந்தைகூடச் சொல்லிவிடும். இதற்கு வளர்ந்த புழு வேண்டாம். புழுவே வேண்டாம். ‘ஒரு முட்டை போதும்’ என்பதுதான் நான் பேசப் போகிற கூட்டங்களிலெல்லாம் என் கடைசி வாக்கியம். கைதட்டுவார்கள். கூட்டத்தில் நாலு பேர்தான் இருப்பார்கள், ஆனாலும் தட்டுவார்கள்.

எங்கள் கூடத்தில் இன்னொரு வழக்கம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு தேவைப்படும். எந்தச் சோதனை போட்டாலும் முதல் குழாயில் நமக்கு நன்றாகத் தெரிந்த ஈயின் டிஎன்ஏவை வைக்க வேண்டும். எங்கள் கூண்டிலேயே உயிர்த்தின்னிகளை வளர்க்கிறோம், இரட்டைக் கதவுக்குப் பின்னால். அதிலிருந்து எடுத்தது. அது சரியாக இரண்டு கோடு காட்டினால்தான் பக்கத்தில் இருப்பவற்றை நம்பலாம். அதற்கு நாங்கள் வைத்த பெயர் ‘சாட்சி’. எனக்கு எதிர்மேஜையில் உட்காருகிறவள், எனக்கு முன்பே டாக்டர் பட்டம் வாங்கியவள், ஒரே ஒரு மாதிரி வந்தாலும் சாட்சி இல்லாமல் மெஷின் மூடியைச் சாத்தமாட்டாள். அவசரம் என்று யாராவது பறந்தால், “சாட்சி இல்லாம நான் வாயத் தொறக்க மாட்டேன்” என்பாள். நாளடைவில் அவளுக்கே சாட்சியம்மா என்று பெயர் விழுந்துவிட்டது. உங்களிடம் வந்தவளும் அவள்தான்.

எங்கள் கூண்டு ஈக்கள் எல்லாம் ஒரே தாயின் வழி வந்தவை. நாங்கள் பார்க்கிற மரபணு தாயிடமிருந்து மட்டும் வருவது. ஆகவே கூண்டில் உள்ள அத்தனைக்கும் எழுத்துக்கு எழுத்து ஒரே பாடம். அதில் ஒரு இடத்தில், வெளியில் பிடித்த எந்த ஈயிலும் நாங்கள் பார்த்திராத ஒரு எழுத்து. சாட்சியம்மாவும் நானும் சேர்ந்துதான் அதைக் கண்டோம். நமக்கெல்லாம் அப்பா பெயரிலிருந்து இனிஷியல் வருகிறது, இதுகளுக்கு அம்மாவிடமிருந்து வந்திருக்கிறது என்று நான் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றிலிருந்து அந்த எழுத்துக்கு இனிஷியல் என்று பெயர். என் வாழ்க்கையில் ஈயை வைத்து நான் சொல்லி மற்றவர்கள் சிரித்தது அநேகமாக அது ஒன்றுதான்.

அத்தானைப் பற்றிக் கேட்டீர்கள். அக்காவின் கணவர். பூட்டுக் கடை வைத்திருந்தார். சாவிக்கொத்து, தாழ்ப்பாள், கதவுக் கீல் என்று சரஞ்சரமாகத் தொங்கும். காலையில் ஷட்டரைத் தூக்கினால் இரவு இறக்குகிறவரை ஆள் நிற்கும். எங்கள் அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்தவர் அவர். ஹாஸ்டல், புத்தகம், கண்ணாடி, எல்லாம். ஒரு நாளும் அதைச் சொல்லிக்காட்டியதில்லை. மாடியறையை எனக்கென்று கட்டிக் கொடுத்தார். நல்ல மனிதர். இதை நான் மனப்பூர்வமாகத்தான் சொல்கிறேன்.

எனக்கு வேலை கிடைத்த அன்று அக்கா வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டிருந்தாள். அத்தான் நடுக்கூடத்தில் நின்று என் தோளில் கைபோட்டுச் சொன்னார்: “கடையில ஈ ஓட்டுற நெலம வந்துடக் கூடாதுன்னு நான் ராப்பகலா பாடுபடுறேன். நம்ம மாப்ளையப் பாருங்க. ஈ ஓட்டவே சம்பளம் வாங்குறாரு!”

நல்ல நகைச்சுவைதான். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு வீட்டுக்கு யார் வந்தாலும் அதைச் சொல்வார். என்னை அறிமுகப்படுத்தும் முறையே அதுதான் ஆகிவிட்டது. பல் டாக்டரிடம் சொன்னார். வங்கி மேனேஜரிடம் சொன்னார். எனக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில், பெண்ணின் அப்பா “தம்பி என்ன பண்றாப்ல?” என்று கேட்டதும் எனக்கு முன்னால் அவர் முந்திக்கொண்டார். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பச்சைச் சட்டை போட்ட தம்பி ஒருவன் அவளுக்கு. கதவுக்குப் பின்னால் அவன் கையை வீசி ஈ ஓட்டுவதுபோல நடித்துக் காட்டியது எனக்குக் கண்ணாடி அலமாரியில் தெரிந்தது. அந்தச் சம்பந்தம் அமையவில்லை. அதற்கு வேறு காரணங்கள் இருந்திருக்கும். இதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. நீங்கள் விவரமாகக் கேட்டதால் நினைவுக்கு வருகிறது, அவ்வளவுதான்.

விஷயம் என் பிரிவைப் பற்றியது, அத்தானைப் பற்றியது இல்லை. அதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். உயிர்த்தின்னி இந்தப் பக்கம் கடைசியாக வந்து பல வருடம் ஆகிவிட்டது. எங்கள் இயக்குநர் கெட்டவர் இல்லை, கணக்குப் பார்க்கிறவர். என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, “ஒரு புழுகூட வரலையே. இல்லாத ஈக்கு ஏசி ரூம் எதுக்கு? ரெண்டு டாக்டரேட் எதுக்கு? நீங்களே சொல்லுங்க” என்றார். கூண்டை அழித்துவிட்டு எங்கள் இருவரையும் பால் பரிசோதனைப் பிரிவில் சேர்க்கத் தீர்மானமாகியிருந்தது. நான் அவரிடம், தீயணைப்பு வண்டியைத் தீப்பிடிக்காத வருடத்தில் விற்றுவிடுவீர்களா என்று கேட்டேன். அவர் சிரித்தார். அவரும்தான்.

அந்த ஈ ஒரு நாள் திரும்பி வரும், மேடம். இது என் அபிப்பிராயம் இல்லை, எல்லையில் மாட்டு வண்டியும் லாரியும் ஓடுகிறவரை வந்தே தீரும். வரும்போது அடையாளம் காண ஆள் இல்லையென்றால் எத்தனை மாடு, எத்தனை மனிதர்கள்? அதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நான் செய்தது மிகச் சிறியது.

பிரிவை மூடப் போகிறார்கள் என்று அக்கா வழியாக அத்தானுக்குத் தெரிந்தது. அன்று சாயங்காலம் கடையிலிருந்து வந்ததும் நேரே மாடிக்கு வந்தார். அப்போதே காலில் கட்டு, ஒவ்வொரு படியாகக் கைப்பிடியைப் பிடித்து ஏறி வந்தார். எனக்காக உண்மையிலேயே வருத்தப்பட்டார். “விட்டுத் தள்ளு மாப்ளே. ஈ ஓட்டுற எடத்தையும் மூடிட்டாங்களா? நம்ம கடைக்கு வந்துடு. கல்லாவுல உக்காரு. அங்கயும் ஈ ஓட்டலாம், நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.” சொல்லிவிட்டு என் முதுகில் தட்டிக்கொடுத்தார். பாசத்தோடுதான் சொன்னார்.

முதலில் நான் நாயைத்தான் யோசித்தேன். அலுவலக வாசலில் காதில் புண்ணோடு ஒன்று படுத்திருக்கும். அதில் வைத்த முட்டை நன்றாகவே பிடித்துக்கொண்டது. ஆனால் தெருநாய்க்காக யார் டாக்டரிடம் போகப்போகிறார்கள்? அது செத்த பிறகு குப்பை வண்டி வந்து எடுத்துக்கொண்டு போனது. நானே மாதிரி எடுத்துக் கொடுத்தால் நன்றாக இருக்காது. வெளியிலிருந்து வர வேண்டும், ஒரு ஆஸ்பத்திரி சீல் வைத்து அனுப்ப வேண்டும். அப்படியென்றால் மனிதனாக இருந்தாக வேண்டும். இது நானாகத் தேடிப்போன முடிவு இல்லை, ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால் மிஞ்சுகிறது.

அத்தானுக்குச் சர்க்கரை. வலது உள்ளங்காலில் ஆறாத புண். அந்தக் காலில் அவருக்கு உணர்ச்சி போய் நாளாகிவிட்டது. ஆணியை மிதித்துவிட்டு அது குத்தியது தெரியாமல் நாள் முழுக்கக் கடையில் நின்றவர். அக்காவுக்குப் புண்ணைப் பார்த்தால் மயக்கம் வரும். தினமும் வேலை முடிந்து வந்து நான்தான் கட்டு மாற்றுவேன். “உன் கை பட்டா வலிக்கவே மாட்டேங்குது மாப்ளே” என்பார். யார் கை பட்டாலும் வலித்திருக்காது. இருந்தாலும் கேட்க நன்றாக இருக்கும்.

நான் எப்படி யோசித்தேன் என்று சொல்கிறேன். அவருக்கு வலி தெரியாது. ஈயைப் பற்றி என்னைவிடத் தெரிந்தவன் இந்த ஊரில் இல்லை, அவன் தினமும் அவர் காலடியில் உட்காருகிறான். இதைவிடப் பாதுகாப்பாக யாருக்கு இது வர முடியும்? முட்டை பொரிந்ததும் தற்செயலாகப் பார்த்ததுபோலப் பதறி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கழுவிவிட்டால் வேலை முடிந்தது. மாதிரி எங்களிடம் வரும், இரண்டு கோடு விழும், பிரிவு பிழைக்கும். அத்தானுக்கு நாலு நாள் அசௌகரியம். எனக்காக எவ்வளவோ செய்தவர், கேட்டிருந்தால் இதற்கும் சரி என்றுதான் சொல்லியிருப்பார் என்று தோன்றியது. கேட்கத்தான் முடியவில்லை.

ஒரு கொத்து முட்டையை ஈரப் பஞ்சில் ஒற்றி, என் சாப்பாட்டு டப்பாவில் வைத்து எடுத்துக்கொண்டு வந்தேன். டப்பாவை வெந்நீரில் கழுவிவிட்டுத்தான் பிறகு உபயோகித்தேன். அவர் டிவியில் ஏதோ பார்த்துக்கொண்டு காலை என் மடிமேல் நீட்டியிருந்தார். நான் புண்ணைத் துடைத்து, ஓரத்தில் பஞ்சை வைத்து, மேலே துணி சுற்றிப் பிளாஸ்திரி ஒட்டினேன். அப்போது அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், “என்ன மாப்ளே, இன்னைக்கி எத்தன ஈ ஓட்டுன?” என்று கேட்டார்.

“ஒரு கொத்து, அத்தான்” என்றேன்.

அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “ஏ, உன் தம்பிக்கு ஜோக்கெல்லாம் வருதுடீ” என்று சமையலறையைப் பார்த்துச் சத்தம் போட்டார். அன்று வீட்டில் எல்லோரும் சந்தோஷமாக இருந்தோம்.

மறுநாள் பிரித்துப் பார்த்தேன். பொரிந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாத அளவு. மறுபடி கட்டினேன். அதற்கடுத்த நாள் கொஞ்சம் தேறியிருந்தன, தலை உள்ளே போயிருந்தது. வரிசையாகப் பின்பக்கம் மட்டும் தெரிந்தது. அப்போதும் கட்டினேன். ஆஸ்பத்திரியில் பார்க்கிற டாக்டருக்குச் சந்தேகமில்லாமல் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். சின்னப் புழு என்றால் கழுவி வாஷ்பேசினில் ஊற்றிவிடுவார்கள், எங்களுக்கு அனுப்பமாட்டார்கள். இது நியாயமான காரணம்தானே?

அக்காவுக்கு முதலில் வாடை தெரிந்தது. வாசற்படியிலேயே என்னை நிறுத்தி, “ஏன்டா, ஒரு மாதிரி நாத்தம் வருது. ரூமுக்குள்ள நொழையவே முடியல. டாக்டரக் கூப்பிட்டுடலாமா?” என்றாள்.

“கெட்ட சதை கழியுதுக்கா. கழிஞ்சாத்தான் ஆறும்.”

“நெசமாவா?”

“நான் பாக்குறேன்ல?”

அவள் உடனே நம்பினாள். பக்கத்து வீட்டுக்காரி கேட்டபோது, “என் தம்பியே டாக்டர்தான்” என்று சொன்னது மாடிக்குக் கேட்டது. அவள் எப்போதும் அப்படித்தான் சொல்வாள். எந்த டாக்டர் என்று சொல்லமாட்டாள். என் பட்டத்தை மரியாதையாகச் சொன்னது அந்த வீட்டில் அவள் ஒருத்திதான். அதனால் அவளை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. இதை எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு காய்ச்சல் வந்தது. அத்தான் கடைக்குப் போகவில்லை. என் நினைவில் அவர் கடைக்குப் போகாத நாள் அதற்கு முன்னால் இல்லை. “முட்டிக்குக் கீழ ஏதோ ஊறுற மாதிரி இருக்கு மாப்ளே. உள்ளுக்குள்ள” என்றார். அங்கே அவருக்கு இன்னும் கொஞ்சம் உணர்ச்சி மிச்சமிருந்தது. அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. அது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன். அக்கா மறுபடி டாக்டர் என்றாள். காய்ச்சல் மாத்திரை கொடுத்து, நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். அந்த நாளைக்கும் வந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஆஸ்பத்திரியில் கட்டைப் பிரித்தபோது நர்ஸ் ஒரு அடி பின்னால் போனாள். நான்தான் இடுக்கியை வாங்கி டாக்டருக்குக் காட்டினேன். இது சாதாரணப் புழு இல்லை, ஸ்பிரிட் குப்பியில் போட்டு எங்கள் கூடத்துக்கு அனுப்புங்கள் என்றேன். என் குரல் நடுங்கியது என்று அந்த டாக்டர் உங்களிடம் சொல்லியிருப்பார். நடுங்கியது உண்மை. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அந்த ஈ ஒரு மனிதனிடம். முட்டிக்குக் கீழே காலை எடுத்தார்கள். அதற்குள் விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது. அத்தான் கண் விழிக்கவே இல்லை. அக்கா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, “நீ இல்லேன்னா இது என்னன்னுகூடத் தெரியாமப் போயிருக்குமேடா” என்று அழுதாள்.

சாட்சியம்மா சோதனை போட்டாள். இரண்டு கோடு. சாட்சிக்கு இரண்டு, அத்தானுக்கு இரண்டு, பக்கத்தில் பக்கத்தில். எங்கள் மெஷினில் கோடுகள் அவ்வளவு தெளிவாக விழுந்து நான் பார்த்ததில்லை. இயக்குநர் வீட்டுக்கே வந்து துக்கம் விசாரித்துவிட்டு, வாசலில் செருப்பு மாட்டும்போது, மூடுகிற பேச்சுக்கே இடமில்லை, புது மெஷின் வருகிறது, ஆள் எடுக்கிறோம் என்றார். ஆக, நான் யோசித்ததில் பிழை இல்லை. அத்தனையும் நான் சொன்னபடியே நடந்தது, அத்தான் ஒருவரைத் தவிர.

ஊரைச் சுற்றிப் பொறி வைத்தோம். மாட்டுக் கொட்டகை, இறைச்சிக் கடை, ஆஸ்பத்திரிப் பின்புறம். ஒரு உயிர்த்தின்னிகூட விழவில்லை. விழாது என்று எனக்குத் தெரியும். ஆனால் சாட்சியம்மாவுக்கு அது உறுத்தியது. இனம் தெரிந்துவிட்டது, அதற்குமேல் என்ன வேண்டும் என்றேன். கோடு பார்ப்பதோடு வேலை முடிந்தது. எழுத்து எழுத்தாகப் படிக்க யாரும் சொல்லவில்லை. அவளாகத்தான் படித்தாள். எதற்காக என்று தெரியுமா? எனக்காக. “உங்க அத்தானக் கொன்ன ஈ எந்தப் பக்கத்துலேருந்து வந்துச்சுன்னாவது உங்களுக்குக் கண்டுபிடிச்சுச் சொல்லணும்னு நெனச்சேன்” என்று பிறகு சொன்னாள். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தாளாம்.

படித்ததில் இனிஷியல் இருந்தது.

அவளுக்கு முதலில் வந்தது என்மேல் சந்தேகம் இல்லை, தன்மேல்தான். எங்கள் தொழிலில் இருக்கிற எவருக்கும் அப்படித்தான் வரும். சாட்சிக் குழாயிலிருந்து ஒரு துளி தெறித்து மாதிரியில் கலந்தாலே போதும், மெஷின் சாட்சியைத்தான் படித்துக் காட்டும். கை பிசகிவிட்டது என்று அவள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். “கலந்துருக்கும். எல்லாருக்கும் நடக்குறதுதான், விடுங்க” என்றேன். அவளைத் தேற்றினேன். இன்னொரு புழுவை எடுத்தாள். ஆஸ்பத்திரி தாராளமாகவே அனுப்பியிருந்தது. கையுறை, பஞ்சு, தண்ணீர் எல்லாம் புதிது. அப்போதும் இனிஷியல். மறுபடி கலந்திருக்கும் என்றேன்.

பிறகு அவள் ஒன்று செய்தாள். எங்கள் ஈ நுழையாத வேறொரு கூடத்துக்குப் போய், அவர்கள் மெஷினில், அத்தானின் புழுவை மட்டும் தன்னந்தனியாக வைத்தாள். திரும்பி வந்து கைப்பையைக்கூடக் கழற்றாமல் என் மேஜைக்கு எதிரே நின்றாள்.

“என் சர்வீஸ்ல முதல் தடவ சாட்சி இல்லாமப் போட்டேன்” என்றாள். “கலக்குறதுக்குப் பக்கத்துல எதுவுமே இல்ல. அப்பவும் நம்ம இனிஷியல்தான் வருது.”

நான் அவளுக்கு ஒரு நாற்காலி எடுத்துப் போட்டேன். அவள் உட்காரவில்லை. “கூண்டுலேருந்து ஒண்ணு தப்பிச்சுப் பறந்துடுச்சுன்னு சொல்லுங்க. சொல்லுங்க, நான் நம்புறேன்” என்றாள். கண் கலங்கியிருந்தது. சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். ஆனால் என் கூண்டிலிருந்து இதுவரை ஒரு ஈ தப்பியதில்லை. அந்தப் பழியை நான் ஏற்க முடியாது. இரட்டைக் கதவு போட்டவன் நான்.

இவ்வளவுதான் நடந்தது. நீங்கள் என்னைத் தேடி வரவில்லை, நானாக அவளோடு வந்தேன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் பேனாவை மூடாமல் வைத்திருக்கிறீர்கள். எந்தக் கேள்விக்காக என்று தெரிகிறது. அதையே அவளும் கேட்டாள். “ஒரு முட்டை போதும்னு ஊரெல்லாம் சொல்லுவீங்களே. மொத நாளே ஒண்ண எடுத்துட்டு மிச்சத்தத் தொடச்சுப் போட்டிருக்கலாமே. எதுக்குக் காத்திருந்தீங்க?” டாக்டர் பார்க்கிற அளவுக்கு வளரட்டும் என்றுதான் என்று சொன்னேன். பொரிந்த அன்றே பதறிக்கொண்டு ஓடியிருந்தாலும் அந்த டாக்டர் என் பேச்சைக் கேட்டு அனுப்பியிருப்பார், நான் அந்தத் துறையில் பட்டம் வாங்கியவன் ஆயிற்றே, என்று அவள் சொன்னாள். அதற்கு நான் பதில் யோசித்து வைக்கவில்லை. நான் யோசித்து வைக்காதது அது ஒன்றுதான்.

கடைசி நாளைப் பற்றிப் பிறகு சொல்வதாகச் சொன்னேன். மதியம். அக்கா மருந்துக் கடைக்குப் போயிருந்தாள். நான் அத்தானின் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். மின்சாரம் இல்லை, மின்விசிறி நின்றுவிட்டது. ஜன்னல் வழியாக ஈக்கள் வந்தன. வெறும் வீட்டு ஈக்கள், இதோ இங்கே இருப்பதைப்போல. வாடைக்கு வருபவை. கட்டின்மேல் உட்கார்ந்தன, பிறகு அவர் முகத்தில், உதட்டோரத்தில். அவரால் கையைத் தூக்க முடியவில்லை. விரல் மட்டும் போர்வைமேல் அசைந்தது. என்னைப் பார்த்தார்.

“மாப்ளே, ஈ மொய்க்குது. கொஞ்சம் ஓட்டேன்” என்றார்.

எத்தனையோ வருடமாக எத்தனையோ பேர் முன்னால் சொன்ன வார்த்தை. அன்றுதான் அவர் சிரிக்காமல் சொன்னார். அறையில் வேறு யாரும் இல்லை சிரிப்பதற்கு. எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை என்று நினைக்கிறேன். குனிந்து, “என்ன அத்தான் சொன்னீங்க?” என்று கேட்டேன்.

மறுபடி சொன்னார். இந்த முறை முடிக்க அதிக நேரம் ஆயிற்று.

துண்டு என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அக்கா வந்து அதை எடுத்து விசிறி ஓட்டுகிறவரை நான் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், எங்கும் எழுந்து போகவில்லை. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகலாம் என்று முதலில் சொன்னவன் நான்தான். எனக்கு அவர்மேல் கோபம் எதுவும் இல்லை, மேடம். மூன்றாவது தடவை சொல்லச் சொல்லி நான் கேட்கவில்லை, அவராகத்தான் சொன்னார்.